பெயரில் பிராந்தி, பிறப்பில் கரும்பு

மதுரையிலிருந்து திருமங்கலம் போகும் நான்குவழிச் சாலையில் கப்பலூர் என்றதும் பலருக்கும் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். கட்டணம் கேட்பதும் உள்ளூர்க்காரர்கள் மறியலுக்கு உட்காருவதும் அங்கே பல ஆண்டுக் கதை. பக்கத்திலேயே சிட்கோ தொழிற்பேட்டை, எண்ணெய் டேங்கர்கள், லாரிகள். ஷிப்டு முடிந்து கடைக்குப் போகிறவர்களிடம் என்ன சரக்கு என்று கேட்டால் பெரும்பாலும் பிராந்தி என்றுதான் பதில் வரும். தமிழ்நாடு முழுக்கவே அப்படித்தான். வட இந்தியாவில் விஸ்கி எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடத்தில் இங்கே பிராந்தி இருக்கிறது.

உலக வழக்கில் பிராந்தி என்றால், திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்து ஒயினாக்கி, அந்த ஒயினைக் காய்ச்சி வடித்தது. கப்பலூரிலிருந்து மேற்கே நூற்றுச் சொச்சம் கிலோமீட்டரில் கம்பம் பள்ளத்தாக்கு. வருடம் முழுக்கத் திராட்சை வெட்டுகிற பூமி. இத்தனை பக்கத்தில் பழம் இருக்கிறது, இத்தனை பேர் பிராந்தி கேட்கிறார்கள், ஆனால் இரண்டுக்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை. ஏன் இல்லை என்பதைப் பார்ப்பதற்கு முன் ஒயின், ஜப்பானின் அரிசி மதுவான சாகே, பிராந்தி மூன்றின் குணத்தையும் பார்த்துவிட வேண்டும்.

எந்த மதுவானாலும் மூன்று கேள்வி கேட்டால் பாதி விளங்கிவிடும். சர்க்கரை எங்கிருந்து வந்தது? புளித்த பிறகு காய்ச்சினார்களா? பிறகு எந்தப் பாத்திரத்தில் எவ்வளவு காலம் கிடந்தது? பாட்டிலில் ஒட்டியிருக்கும் குதிரைப் படமும் தங்க எழுத்தும் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாது.

ஒயினில் முதல் கேள்விக்கான பதில் எளிது. சர்க்கரை பழத்துக்குள்ளேயே இருக்கிறது. நசுக்கி வைத்தால் ஈஸ்ட் அதைத் தின்று ஆல்கஹாலாக மாற்றும். 11 முதல் 14 விழுக்காடு வரை ஏறும். சிவப்பு ஒயினின் நிறம் தோலிலிருந்து வருகிறது. கறுப்புத் திராட்சையின் சாறும் பெரும்பாலும் வெளிறியதுதான். தோலையும் கொட்டையையும் சாற்றோடு ஊறவிட்டால் நிறமும் வரும், டானின் என்கிற துவர்ப்பும் வரும். வெள்ளை ஒயினுக்குத் தோலை உடனே நீக்கிவிடுவதால் துவர்ப்பு இருக்காது, புளிப்பு முன்னால் நிற்கும். ஒயினைச் சுவைத்துப் பேச ஐரோப்பியர்கள் வைத்திருக்கும் நீளமான சொற்பட்டியலைக் கண்டு மிரள வேண்டியதில்லை. இனிப்பு, புளிப்பு, துவர்ப்பு, கசப்பு நான்கையும் நாக்கில் பிரித்தறிகிற யாருக்கும் முக்கால்வாசி வேலை முடிந்தது. கடுக்காயும் வாழைப்பூவும் தெரிந்த வாய்க்கு கேபர்னே சாவின்யோன் அந்நியமல்ல.

திராட்சை மது இந்தச் சமவெளிக்குப் புதிதும் இல்லை. வைகை கடலில் சேரும் இடத்துக்கு அருகில், இராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில் அகழாய்வு செய்தபோது ரோமானிய நாணயங்களோடு ஆம்போரா சாடிகளின் உடைந்த துண்டுகளும் கிடைத்தன. இரண்டு காதும் கூம்பிய அடியும் கொண்ட அந்தச் சாடிகளில் ஒயினும் ஆலிவ் எண்ணெயும் கப்பலேறின. பாண்டியன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறனைப் பாடிய நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த மணமுள்ள தேறலைப் பொற்கிண்ணத்தில் மகளிர் எடுத்துத் தர உண்டு மகிழச் சொல்லி வாழ்த்துகிறார். அது புறநானூற்றின் 56ஆம் பாட்டு. ஆனால் எளிய மக்களுக்கு அது எட்டியிருக்காது. முசிறித் துறையில் இறங்கும் சரக்குகளைச் சொல்லும்போது, ஒயின் அதிகமில்லை என்றே பெரிப்ளஸ் என்ற கிரேக்க மாலுமிக் கையேடு குறிக்கிறது.

அந்த ஒயினின் ருசி எப்படி இருந்திருக்கும்? புதுச்சேரி அருகே அரிக்கமேட்டில் கிடைத்த ஆம்போராக்களில் பல கிரேக்கத்தின் கோஸ் தீவு வகையைச் சேர்ந்தவை. கோஸ் ஒயினில் கடல்நீர் கலப்பது வழக்கம். அதைப் போலவே இத்தாலியில் செய்துகொள்ளும் பக்குவத்தைக் கேட்டோ என்ற ரோமானியர் எழுதிவைத்திருக்கிறார். சாடி கசியாமலிருக்க உள்ளே பிசின் பூசுவார்கள். அதோடு மாதக்கணக்கில் கப்பல் பயணம், நம் வெயில். பாண்டியன் கிண்ணத்துக்கு வந்ததும் இந்த வகைதான் என்றால், உப்பும் பிசின் வாசனையும் ஏறிய ஒரு பானத்தையே அவன் குடித்திருப்பான். இன்று அதை ஒரு நட்சத்திர ஓட்டலில் ஊற்றினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சுவை என்பது பழக்கம்.

இப்போது கம்பத்துக்கு வருவோம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர்ப் பக்கம் பந்தலில் தொங்குவது பெரும்பாலும் பன்னீர் திராட்சை. உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் குடும்பத்துப் பழங்களின் வாசனைக்குக் காரணம் லினலூல், ஜெரானியால் போன்ற நறுமணப் பொருள்கள். ஜெரானியால் ரோஜாவிலும் இருப்பது. பன்னீர் என்று பெயர் வைத்தவர் மூக்கால் மட்டுமே முடிவு செய்திருந்தாலும் வேதியியல் அவர் பக்கம் நிற்கிறது.

குளிர்நாட்டுத் திராட்சைக்கொடி பனிக்காலத்தில் இலை உதிர்த்து உறங்கும். கம்பத்தில் அதற்கு உறக்கமே கிடையாது. கவாத்து செய்த கையோடு மறுபடி துளிர்க்கும். மகாராஷ்டிரத்து நாசிக்கில் ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்து ஒரே வெள்ளாமை எடுக்கிறார்கள். நம் பக்கம் இரண்டு கவாத்துக்கும் இரண்டு வெள்ளாமை. தின்பதற்கு இது வரம். ஒயினுக்கு அப்படியில்லை. ஒயின்காரர் தேடுவது சின்னப் பழம், தடித்த தோல், பழுத்த பிறகும் குறையாத புளிப்பு. புளிப்பைக் காப்பது இரவுக் குளிர். பன்னீரோ சாறு நிறைந்த, சந்தைக்கு என்று வளர்த்த பழம். அதில் கனமான சிவப்பு ஒயின் எதிர்பார்ப்பது வீண். மெல்லிய, மணமுள்ள, லேசான இனிப்பு மிச்சம் வைத்த ரோஜா நிற ஒயினுக்கு அது பொருந்தும். இத்தாலியில் மஸ்கட் பழத்தில் நுரைக்கும் ஆஸ்தி ஒயின் செய்கிறார்கள். ஆல்கஹால் குறைவு, வாசம் அதிகம். கம்பத்துக்கு முன்மாதிரி வேண்டுமானால் பிரான்சின் போர்தோவை விட்டு ஆஸ்தியைப் பார்க்கலாம்.

ஒயின் என்ற பேரில் மதுரைப் பக்கம் உண்மையிலேயே வீட்டில் நடப்பது கிறிஸ்துமஸ் ஜாடி. பன்னீர் திராட்சையைக் கழுவித் துடைத்து, கையால் பிசைந்து, சீனி சேர்த்து, ஒரு பிடி கோதுமையும் நாலு கிராம்பும் பட்டையும் போட்டு ஊறுகாய் ஜாடியில் நிரப்புவார்கள். முக்கால் ஜாடிக்கு மேல் நிரப்பினால் பொங்கி வழியும். வாயை வெள்ளைத் துணியால் கட்டி, தினம் ஒரு தடவை மரக் கரண்டியால் கிண்டி, மேலே மிதக்கும் தோலைச் சாற்றுக்குள் அமுக்கிவிடுவார்கள். அமுக்காமல் விட்டால் மேல்தோல் காய்ந்து பூசணம் பிடிக்கும், காடி வாடை வந்துவிடும். பிரான்சின் பெரிய ஒயின் கூடங்களிலும் தினசரி வேலை இதே அமுக்கல்தான். நம் ஜாடி ஒயினின் குறை சீனி. தாராளமாகப் போட்டுவிடுவதால் இனிப்பு புளிப்பை மூடிவிடுகிறது. உரிமம் இல்லாமல் இதைச் செய்வதைத் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கத்தோலிக்கக் கோயில் பூசைக்கான திராட்சை ரசம் மட்டும் தனி விதிகளின் கீழ், உரிமத்தோடு செய்யப்படுகிறது. அது கலப்படமற்ற, கெடாத, திராட்சையிலிருந்தே வந்த ஒயினாக இருக்க வேண்டும் என்பது கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டம்.

சாகேக்கு வந்தால் முதல் கேள்வியே சிக்கலாகிறது. அரிசியில் சர்க்கரை இல்லை, மாவுச்சத்துதான் இருக்கிறது. ஈஸ்ட் மாவுச்சத்தைத் தொடாது. யாராவது அதைச் சர்க்கரையாக உடைத்துக் கொடுக்க வேண்டும். பீருக்கு அந்த வேலையை முளைகட்டிய பார்லி செய்கிறது. சாகேக்குச் செய்வது கோஜி என்ற பூசணம். வேகவைத்த அரிசி மேல் அதன் வித்தைத் தூவி, வெக்கையும் ஈரமுமான அறையில் இரண்டு நாள் புரட்டிப் புரட்டி வளர்ப்பார்கள். வெக்கை என்றால் முப்பது டிகிரிக்கு மேல். மதுரையில் இதற்குத் தனி அறை கட்டவே வேண்டாம். பிறகு கோஜி, சோறு, தண்ணீர், ஈஸ்ட் எல்லாம் ஒரே தொட்டியில். ஒரு பக்கம் மாவு சர்க்கரையாகிறது, அதே நேரத்தில் மறுபக்கம் சர்க்கரை ஆல்கஹாலாகிறது. இரண்டும் ஒன்றாக நடப்பதால்தான் காய்ச்சாமலே 20 விழுக்காடு வரை ஏறுகிறது. தண்ணீர் சேர்த்து 15, 16க்கு இறக்கிப் பாட்டிலில் அடைப்பார்கள். இந்தத் தொட்டி நிற்க வேண்டியது குளிரில். அங்கேதான் நம் ஊர் தோற்கிறது.

சாகேயின் தரத்தைப் பிரிப்பது அரிசியின் தீட்டல். மேல்பாகத்தின் கொழுப்பும் புரதமும் குடிக்கும்போது முரட்டு ருசி தரும். அதனால் தீட்டித் தீட்டி, 60 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சினால் கின்ஜோ, பாதியோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சினால் தாய்கின்ஜோ. திருமங்கலத்து ரைஸ் மில்காரர் யாரிடமாவது பாதி அரிசியைத் தவிடாக்கச் சொல்லிப் பாருங்கள்! கூடுதல் ஆல்கஹால் சேர்க்காதது ஜுன்மாய். கின்ஜோ வகையில் முலாம்பழம், வாழைப்பழ வாசனை வரும், குளிரவைத்துக் குடிப்பது. ஜுன்மாயில் சோற்று வாசனையும் நிறைவும் இருக்கும்; இளஞ்சூட்டில் நன்றாக இருக்கும். சாகேயில் துவர்ப்பு கிடையாது, புளிப்பும் குறைவு. பழைய கிமோதோ முறையில் தொடக்கக் கலவையைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்களில் ஒன்று லூக்கனாஸ்டாக். நம் இட்லி மாவைப் பொங்கவைப்பதும் அதே குடும்பம். சாகே முதலான ஜப்பானிய மதுக்களின் கோஜிக் கைப்பக்குவத்தை 2024 டிசம்பரில் யுனெஸ்கோ தன் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

அரிசி மது நமக்கும் இருந்தது. தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் அதன் செய்முறையே இருக்கிறது. கொழியாத அரிசியைக் களியாகத் துழாவி, அகன்ற தட்டில் ஆறவைத்து, அடை ஒன்றைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுப்பது. அந்த அடையை, பாம்பு குடியிருக்கும் புற்றுக்குள் காணும் குரும்பியோடு ஒப்பிடுகிறார் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார். உரைகளில் அதற்கு முளைநெல்லை இடித்த மா என்று பொருள் சொல்வார்கள். அப்படியானால் அது பீர் வழி. எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. புற்றின் உள்ளே இருக்கும் அந்தப் பஞ்சு போன்ற கூடு, கறையான் பூசணம் வளர்க்கும் தோட்டம். உவமை வடிவத்துக்காக மட்டும் வந்ததா, பூசணம் பூத்த அடையைக் கண்ணால் கண்டவர் சொன்னதா? இரண்டாவது என்றால் அது கோஜியின் தூரத்து உறவு. வடகிழக்கு மலைகளில் இன்றும் அரிசி மதுவுக்குப் பூசணம் கலந்த மாவு வில்லைகளைத்தான் போடுகிறார்கள். பாட்டை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் சாகே என்றதும் ஏதோ வேற்றுக்கிரகச் சரக்கு என்று வியக்கத் தேவையில்லை.

இன்னொரு ஒற்றுமை வெறும் தற்செயல். ஜப்பானில் சாகேயை அளக்கும் பழைய அளவு கோ. ஒரு கோ 180 மில்லி. அப்படியே நம் குவார்ட்டர்.

இனி பிராந்தி. காய்ச்சுவது என்பது தண்ணீரையும் ஆல்கஹாலையும் பிரிப்பதோடு நிற்பதில்லை. மூலப்பொருளின் வாசனையை எவ்வளவு கூட வரவிடுவது என்பதே அதன் கலை. பிரான்சின் கோன்யாக் வட்டாரத்தில் யூனி பிளாங் திராட்சையின், புளிப்பு மிகுந்த, தனியாகக் குடித்தால் சப்பென்றிருக்கும் ஒயினைச் செம்புக் கொப்பரையில் இரண்டு முறை காய்ச்சுகிறார்கள். சுமார் 70 விழுக்காட்டில் வரும் தெளிவான திரவம் ஓக் பீப்பாய்க்குள் போகிறது. நிறம், வனிலா வாசம், மெல்லிய துவர்ப்பு மூன்றும் மரம் கொடுப்பவை. குறைந்தது இரண்டு ஆண்டு இருந்தால் விஎஸ், நான்கு என்றால் விஎஸ்ஓபி, பத்து என்றால் எக்ஸ்ஓ. தெற்கே ஆர்மன்யாக்கில் பெரும்பாலும் ஒரே முறைதான் காய்ச்சுவார்கள், குறைந்த வீரியத்தில். அதனால் உலர்பழ வாசனையும் கரடுமுரடும் மிஞ்சும். இரண்டில் எது உயர்ந்தது என்று கேட்டால் என் ஓட்டு ஆர்மன்யாக்குக்கு. நார்மண்டியில் ஆப்பிளைக் காய்ச்சினால் கால்வதோஸ். ஸ்பெயினின் ஹெரெஸ் நகரத்தில் பழசோடு புதுசைக் கலந்துகொண்டே போகும் அடுக்குப் பீப்பாய் முறை. அதில் வருவது கருத்த, இனிப்பான பிராந்தி.

நம் பிராந்திக்குக் கரும்புதான் தாய். சர்க்கரை ஆலையில் சீனி எடுத்தபின் மிஞ்சும் கறுத்த பாகு மொலாசஸ். அதைப் புளிக்கவைத்து, நெட்டைக் கோபுரங்களில் 96 விழுக்காடு வரை சுத்தப்படுத்தினால் கிடைக்கும் எரிசாராயத்துக்கு எந்த வாசனையும் இருக்காது. அதுவே அதன் தகுதி. தண்ணீர் சேர்த்து 42.8 விழுக்காட்டுக்கு இறக்கி, எரித்த சீனி நிறம் கொடுத்து, மணச்சாரம் கலந்து, சில ரகங்களில் பேருக்குக் கொஞ்சம் திராட்சைப் பிராந்தியும் சேர்த்தால் குவார்ட்டர் தயார். பிராந்திக்கும் ரம்முக்கும் மூலப்பொருளில் பெரிய வேறுபாடு இல்லை, சாரம்தான் வேறு. மூன்று கேள்விக்கும் விடை: கரும்புப் பாகு, ஆம் நன்றாகவே காய்ச்சினார்கள், பீப்பாய்க்கு நேரமில்லை. இதில் ஏமாற்று என்று சொல்ல ஒன்றுமில்லை, விதிகள் அதை அனுமதிக்கின்றன.

ஆனால் இந்த இடத்துக்கு நாம் வந்தது நாக்கின் வழியாக அல்ல. 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1971இல் தளர்ந்தது, 1974இல் திரும்பியது, 1981இல் மறுபடி திறந்தது. 1983இல் அரசின் மது வணிக நிறுவனமான டாஸ்மாக் பிறந்தது. 1987இலிருந்து கள் இறக்கத் தடை. 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளும் டாஸ்மாக் கைக்கு வந்தன. மரத்திலிருந்து இறக்கி அன்றைக்கே குடிக்கும் கள்ளை எண்ணவும் முத்திரையிடவும் வரி போடவும் சிரமம். மூடி போட்ட பாட்டில் எல்லாவற்றுக்கும் தோதானது. பிராந்திக்கு மருந்து என்ற பழைய மரியாதையும் சேர்ந்துகொண்டது. பிள்ளை பெற்றவளுக்கு ஒரு மூடி, சளி பிடித்தால் ஒரு மூடி என்று கொடுத்த வீடுகள் எத்தனையோ. உண்மையில் ஆல்கஹால் தோலின் ரத்தக்குழாய்களை விரிக்கிறது. சூடு ஏறுவதுபோலத் தோன்றும், உடம்போ வெப்பத்தை இழந்துகொண்டிருக்கும். கடைப்பெயர் மட்டும் விசித்திரம்: ஊரெல்லாம் ‘ஒயின் ஷாப்’ என்றார்கள், உள்ளே ஒயின் விற்றது சொற்பம்.

கள்ளச்சரக்கிலும் ஒரு தொழில்நுட்பம் இருந்தது. வெல்லத்தோடு வெள்வேலம்பட்டையை ஊறப்போட்டுக் காய்ச்சும் பட்டைச் சாராயம். அந்தப் பட்டையின் டானின், ஊறலுக்குத் துவர்ப்பும் காவலும் தந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது இந்தப் பட்டையல்ல, தொழிற்சாலைக்கான மெத்தனால்.

மொலாசஸ் பிராந்திக்கு ஒரு நியாயம் உண்டு: அது வெயிலுக்கு அஞ்சாது. கத்திரி வெயிலில் லாரியில் நாள்முழுக்கக் கிடந்தாலும் 42.8 விழுக்காட்டுச் சரக்குக்கு ஒன்றும் ஆகாது. அதே லாரியில் வந்த ஒயின் வெந்துபோகும். பழ வாசனை போய் அவித்த ஜாம் வாடை வரும். கின்ஜோ சாகே இன்னும் நொய்மை. குளிர்பெட்டியை விட்டு நகரக்கூடாது. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் பரிமாறு என்கிற விதி பதினெட்டு டிகிரி ஐரோப்பிய அறைக்கு எழுதப்பட்டது. மதுரையில் அரை மணி நேரம் பிரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் திறக்க வேண்டும்.

சாப்பாட்டோடும் பார்க்க வேண்டும். மட்டன் சுக்காவின் மிளகும் வரமிளகாயும் துவர்ப்பான சிவப்பு ஒயினோடு சேர்ந்தால் வாய் தீப்பிடிக்கும். டானினும் ஆல்கஹாலும் காரத்தைத் தூக்கிவிடும். லேசாக இனிக்கும் குளிர்ந்த செனின் பிளாங் வெள்ளை ஒயின் தேவலை; நாசிக்கிலிருந்து நல்லதே வருகிறது. புளி கரைத்த அயிரை மீன் குழம்புக்கு முன்னால் சாகே காணாமல் போய்விடும். ஆனால் வறுத்த நெத்திலிக் கருவாட்டோடு ஒரு ஜுன்மாய் நன்றாகப் பொருந்தும். கருவாட்டின் ஆழமான உப்பு ருசியும் சோற்று மதுவின் நிறைவும் ஒரே இனம்.

கம்பத்துப் பழம் எப்போதாவது பிராந்தியாகுமா? வழி தென்னமெரிக்காவில் இருக்கிறது. பெருவில் பிஸ்கோ என்ற பிராந்தியை மஸ்கட் குடும்பத் திராட்சைகளிலும் செய்கிறார்கள். ஒரே முறை காய்ச்சுவது, மரத்தில் வைப்பதில்லை, தண்ணீர் கலப்பதில்லை. பழத்தின் மணம் அப்படியே நிற்கும். பன்னீருக்கு இதைவிடப் பொருத்தமான முறை எனக்குத் தெரியவில்லை. கணக்கு மட்டும் உதைக்கிறது. பத்துக் கிலோ பழத்தில் ஆறரை லிட்டர் சாறு, அது பத்து விழுக்காட்டு ஒயினானால் 42.8 வீரியத்தில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் இறங்கும். ஒரு குவார்ட்டருக்கு ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ திராட்சை. கிலோ 30 ரூபாய் என்று வைத்தாலும் பழத்துக்கே நாற்பது ரூபாய் நெருங்கும். மொலாசஸ் எரிசாராயத்துக்கு அதில் சிறு பங்குதான் ஆகும். இரண்டையும் ஒரே வரிப்பெட்டியில் போட்டு ஒரே அலமாரியில் அடுக்கினால் திராட்சை தோற்கும். மகாராஷ்டிரம் 2001இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்குத் தனிக் கொள்கை கொண்டுவந்து ஒயினுக்குக் கலால் சலுகை கொடுத்த பிறகுதான் நாசிக்கில் ஒயின் கூடங்கள் பெருகின. கம்பத்தில் அப்படி ஒன்று நடக்காதவரை, மதுரைப் பக்கம் பிராந்தி கேட்கிறவருக்குக் கரும்புதான் கிடைக்கும்.